முதல் துப்பாக்கி: ஒடுகத்தூர்ப் பக்கம் லைசென்ஸுக்கு எங்கே தொடங்குவது?

மேலரசம்பட்டு ரோடு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஒடுகத்தூர் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. இந்தப் பட்டத்தில் மல்லாட்டை போட்டிருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் கொல்லையிலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். நான் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கி ஒரே ராத்திரியில் பாத்தி பாத்தியாகக் கிளறிவிட்டுப் போகிறது. பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லாததால் திருட்டுப் பயமும் உண்டு.

முறைப்படி ஒரு துப்பாக்கி வாங்கலாம் என்று நினைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் வைத்திருந்ததில்லை. துப்பாக்கியை வாங்கிவிட்டுப் பதிவு செய்ய வேண்டுமா, இல்லை லைசென்ஸ் முதலிலா? சொத்து நிறைய இருந்தால்தான் தருவார்கள் என்பது உண்மையா? மலை மேலே ஒருத்தர் நாட்டுத் துப்பாக்கி குறைந்த விலைக்குத் தருவார், மனு அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம் என்று கூட்டாளி ஒருவன் சொல்கிறான். அதில் என்ன சிக்கல் வரும்?

குடியாத்தம் கார்த்தி

ஏர் கன் பாருங்கள். 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றல் என்றால் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அதைக் கொண்டு பன்றியை ஒன்றும் செய்ய முடியாது. மயிலைச் சுட்டுவிடாதீர்கள், ஏர் கன்னால் சுட்டாலும் வழக்கு வழக்குதான்.

கம்மவான்பேட்டை முன்னாள் ராணுவம்

தம்பி, மலைக்காரர் பேச்சை இன்றோடு விடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் ஒரு துப்பாக்கி கையில் இருந்தாலே, ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. செய்து விற்கிறவருக்குக் குறைந்தது 7 ஆண்டு. வாங்கி வைத்துவிட்டு அப்புறம் மனு கொடுக்கலாம் என்ற வழியே சட்டத்தில் கிடையாது. போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வரும்போது பரண் மேல் அது இருந்தால் உங்கள் அப்பாவைத்தான் வண்டியில் ஏற்றுவார்கள். தண்டனையை விட எனக்குப் பெரிய பயம் அந்தக் குழல்தான். எதற்கோ வைத்திருந்த இரும்புக் குழாயைக் குழலாக்கி, வெடிமருந்தைக் கையளவில் திணிக்கிறவர்கள் அவர்கள். அது எந்தப் பக்கம் வெடிக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பட்டாளத்தில் ஆயுதத்தோடு இருந்தவன் சொல்கிறேன், அதைத் தொடாதீர்கள்.

லைசென்ஸ்தான் முதலில். வேலூர் மாவட்டத்தில் அதைக் கொடுக்கும் அதிகாரி கலெக்டர். சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் துப்பாக்கி உரிமம் பார்க்கிற பிரிவில் கேளுங்கள். படிவம் ஏ-1. வயது 21 முடிந்திருக்க வேண்டும். போட்டோ, அடையாளம், முகவரி, வயதுச் சான்று இதெல்லாம் எல்லோரிடமும் இருக்கும். ஆள் தடுமாறுகிற இடம் வேறு மூன்று. மனநிலையும் உடல்நிலையும் சரியாக இருக்கிறது, போதைப் பழக்கம் இல்லை என்று டாக்டர் சான்று. துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி எடுத்ததற்குச் சான்று. வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழி.

மனு போனதும் எஸ்.பி. ஆபீஸ் வழியாக உங்கள் ஸ்டேஷனுக்கு விசாரணை வரும். வி.ஏ.ஓ., தாசில்தாரிடமும் கேட்பது உண்டு. போலீஸ் அறிக்கைக்கு 30 நாள், அது வந்த பிறகு முடிவு சொல்ல 60 நாள் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. நடப்பில் இழுக்கும். அதற்காக இடையில் ஒருத்தரைப் பிடித்துப் பணம் கொடுக்காதீர்கள். மனு கொடுத்த ரசீதை வைத்துக்கொண்டு நீங்களே போய்க் கேளுங்கள்.

சொத்து விஷயம்: போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுதிக் கேளுங்கள், மேல்முறையீட்டுக்கு வழி உண்டு.

காரணம் என்ற இடத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் வேறு, தற்காப்பு வேறு. பயிருக்கு என்று வாங்கினால் அதில் குறித்த நிலத்தோடு சரி, ஆடிக் கிருத்திகைக்குத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் வர முடியாது. உண்மையான காரணத்தை எழுதுங்கள். கையில் லைசென்ஸும் அதன் தனி அடையாள எண்ணும் வந்த பிறகு, லைசென்ஸ் உள்ள கடையில் மட்டும் வாங்குங்கள். வீட்டுக்கு 12 போர் (குழல் அளவு) துப்பாக்கி போதும். வாங்கினதும் துப்பாக்கியின் எண்ணை லைசென்ஸில் ஏற்ற வேண்டும். 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், ரசீது வாங்காமல் வராதீர்கள்.

சத்துவாச்சாரி வக்கீல்

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் கேள்வியே பன்றியில்தான் தொடங்கியிருக்கிறது. துப்பாக்கி லைசென்ஸ் என்பது பன்றியைச் சுடும் அனுமதி ஆகாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றிக்கும் பாதுகாப்பு இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததும் இப்படித்தான்: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை ஆட்கள் சுடுவார்கள். விவசாயி கையால் சுடுவதற்கு அதில் இடமே இல்லை. உங்கள் நிலம் அடிவாரத்திலேயே இருக்கிறது. அதனால் பயிர்ச் சேதத்துக்கு ரேஞ்சர் ஆபீஸில் மனு கொடுத்து இழப்பீடு கேளுங்கள், சோலார் வேலி போடுங்கள். லைனிலிருந்து கொக்கி போட்டு மின்வேலி மட்டும் வேண்டாம் தம்பி. பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர்கள் சாகிறார்கள், அந்த வழக்குகளைப் பார்க்கவே மனசு ஆறாது.

மேலரசம்பட்டு ரோடு

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. பன்றிக்கு நாளைக்கே வனத்துறையில் எழுதிக் கொடுக்கிறேன். தற்காப்புக்கு மட்டும் மனு போடலாமா என்று யோசிக்கிறேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தம்பியும் அதே வீட்டில்தான் இருக்கிறான். அவனுக்குக் குடிப் பழக்கம். குடித்தால் அப்பாவிடம் சண்டைக்குப் போவான். லைசென்ஸ் என் பேரில்தானே, அதனால் பிரச்சினை வருமா?

கம்மவான்பேட்டை முன்னாள் ராணுவம்

வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி தம்பி. இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. டாக்டர் சான்று உங்களுக்குத்தான் கேட்பார்கள், உங்கள் தம்பிக்கு இல்லை. ஆனால் ராத்திரி வரை நீங்கள் ராணிப்பேட்டையில் இருக்கிறீர்கள். பகல் முழுக்கத் துப்பாக்கி இருக்கிற வீட்டில் அவனும் அப்பாவும். சாவி எங்கே இருக்கிறது என்று ஒரே வீட்டில் எத்தனை நாள் மறைப்பீர்கள்? வெளியிலிருந்து திருடன் வருவது என்றோ ஒருநாள். சண்டை உள்ளேயே இருக்கிறது. விசாரணைக்கு வருகிற போலீஸும் வீட்டு நிலவரம் கேட்பார்கள், அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுவார்கள்.

இப்போதைக்கு மனு வேண்டாம். வாசலிலும் கிணற்று மேட்டிலும் நல்ல வெளிச்சம் போடுங்கள், இரண்டு நாய் வளருங்கள், ஸ்டேஷன் நம்பரை அம்மா போனில் ஏற்றி வையுங்கள். தம்பியை அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் குடியை விட வைத்தியம் பாருங்கள். அவன் தேறி நிலையாக நின்ற பிறகும் உங்களுக்கு வேண்டும் என்று தோன்றினால் இங்கேயே எழுதுங்கள். படிவம் நிரப்புகிற அன்றைக்குச் சத்துவாச்சாரிக்கு நானே கூட வருகிறேன்.