மேடையில் ஏன் அருவி செத்துப்போயிற்று?

பென்னாகரத்தான் கேட்டது:
எங்கள் ஊர்த் திருவிழா நாடகத்துக்கு ஒகேனக்கல் அருவியை அச்சிட்ட பெரிய ஃபிளெக்ஸ் ஒன்றைப் பின்னால் கட்டினோம். நாயகி பிரிவில் அழுத இடத்திலும் அரசவை கூடிய இடத்திலும் அதே அருவி கொட்டிக்கொண்டிருந்ததால், பார்த்தவர்களின் கண் படத்திலேயே நின்றுவிட்டது. பாட்டு யார் காதிலும் ஏறவில்லை. மறுவாரம் பக்கத்து ஊர்க் கூத்தில், இரண்டு பேர் பிடித்த துணித்திரையைத் தவிர வேறொன்றும் இல்லாதிருந்தும், பாண்டவர் வனவாசம் போகையில் எனக்குக் காடு தெரிந்தது. பரிசலில் போய்ப் பார்க்கும்போது வாயடைக்க வைக்கிற அருவி, மேடையில் மட்டும் ஏன் செத்துப்போயிற்று?

ஊத்தங்கரைத் தமிழாசிரியை:
தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், கூடல், பிரிவு போன்ற ஒழுக்கங்களை உரிப்பொருள் என்றும் வகுத்தது. உங்கள் ஃபிளெக்ஸில் முதலும் கருவும் அப்படியே நின்றன. உரி மட்டும் காட்சிக்குக் காட்சி மாறியது. பிரிவுக்குரிய பாலைத் திணைக்கு அந்நூல் தனி நிலம் சொல்லாமல் நண்பகல், வேனில், பின்பனி என்று பொழுதை மட்டுமே சொல்கிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். சித்திரை உச்சிவெயிலில், வெடித்துக் கிடக்கும் மானாவாரிக் கொல்லை வரப்பில் நின்று, வேலைக்காகப் பெங்களூர் பேருந்து ஏறும் மகனைப் பார்க்கிற நம் ஊர்த் தாய்க்கு அது பாலை என்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

காவேரிப்பட்டணத்தார்:
அம்மா சொல்வது சரியே. ஆயினும் படுதாவை முழுவதும் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் வந்துபோன பிறகு, தெரு, தர்பார், வனம், பூங்கா எனத் தீட்டிய திரைகள் தமிழ் மேடையில் பெருகின. வனப் படுதா இறங்கினால், இடம் மாறிவிட்டதென்று கடைசி வரிசைக்கும் தெரியும். நீங்கள் செய்த பிழை, அதை இறக்கி ஏற்றாமல் இரவு முழுவதும் தொங்கவிட்டதுதான். சிலப்பதிகார அரங்கிலும் மூன்று வகை எழினிகள், அதாவது திரைகள், உண்டு. ஆனால் தூணின் நிழல்கூட ஆடுமிடத்தில் விழாதபடி அங்கே விளக்கு வைத்தார்கள்.

பாலக்கோடு கூத்து ரசிகர்:
கூத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லாதீர்கள் ஐயா, அர்ச்சுனன் தவத்துக்காக நடும் உயர்ந்த கம்பமான தபசு மரம் இருக்கிறதே. அர்ச்சுனன் வேடக்காரர் படிக்கொரு பாட்டாகப் பாடி ஏறும்போது அந்த மரம் கயிலை மலை. உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்துகிறார்கள். அவர் இறங்கிப்போன மறுநாள் காலையில், அதே மரத்தில் ஆடு ஒன்று முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.