மறு: ரேண்டம்.பை சிக்கல் – ‘பெயர் மோதல்’ பொருந்துமா?

> பைத்தான் நிரல்மொழியில் ஒரு கோப்போ மாறியோ அதே பெயருள்ள வேறொன்றை அகப்படாமல் செய்வதை ஷேடோயிங் என்கிறார்கள். தமிழில் அதற்குப் ‘பெயர் மோதல்’ போதுமே ஐயா, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். மோதினால் சத்தம் கேட்க வேண்டாமா? பகடை உருட்டும் நிரலை எழுதி ரேண்டம்.பை என்று சேமிக்கிறார் ஒருவர். உள்ளே, பைத்தானோடு வரும் ரேண்டம் என்ற நிரற்கூற்றை இறக்குமதி செய்ய ‘இம்போர்ட் ரேண்டம்’ என்று ஒரு வரி. நிரலை ஓட்டியதும் பைத்தான், நிரல் இருக்கும் கோப்புறையைத் தேடுவழிப் பட்டியலின் (கூறுகளைத் தேட வேண்டிய இடங்களின் வரிசை) தலையில் வைக்கிறது. பைத்தானோடு வரும் கூறுகள் அடங்கிய செந்தர நூலகத்தின் முறை அதற்குப் பிறகுதான். பெயர் அகப்பட்டதும் தேடல் நின்றுவிடும். ஆக, நிரல் தன்னையே இறக்குமதி செய்துகொள்கிறது. அந்த இம்போர்ட் வரிக்கு முன் ஏதாவது அச்சிட்டிருந்தால் அது இருமுறை வரும். அப்புறம்தான், பகடை எண்ணைத் தர வேண்டிய ‘ராண்டின்ட் என்ற பண்பு இல்லை’ என்ற பிழை. கற்பவர் ராண்டின்டின் எழுத்துக்கூட்டலைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு கூறுகளும் சந்திக்கவே இல்லை, மோதல் எங்கே?

> மூலத்தை ஒட்டி ‘நிழலிடல்’ எனலாமா?

தமிழில் நிழல் காப்பது: குடைநிழல், நிழலில் ஒதுங்குதல். கேடு என்ற பொருள் ஏறாது.

‘பெயர்மறைப்பு’ நல்ல சொல்தான். செயற்கூற்றுக்குள் ஒரு மாறிக்கு ‘லிஸ்ட்’ என்று பெயரிட்டால், உள்ளமைந்த லிஸ்ட் அங்கே மறைகிறது. அதற்கு அதை வைத்துக்கொள்வோம். கோப்பு விவகாரத்தில் தேடும் வரிசைதான் எல்லாம். அதனால் என் பரிந்துரை ‘வழிமறிப்பு’. தேடுவழி என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் இயல்பாக ஒட்டும்.

*

நீங்கள் சொன்ன ‘வழிமறிப்பு’ என்ற சொல்லைச் சோதித்துப் பார்த்தேன். சிஸ்.பை என்று கோப்பு வைத்தால் ஒன்றும் ஆகாது. சிஸ் என்ற கூறு, நிரலை ஓட்டும் பைத்தான் மொழிபெயர்ப்பியிலேயே கட்டப்பட்டது. ஓஎஸ்.பை வைத்தாலும் வழக்கமாக ஆகாது, தொடக்கத்திலேயே அது ஏற்றப்பட்டுவிடுகிறது. வழிக்கே வராததை மறிக்க முடியாதல்லவா! ‘மறைப்பு’ இதை விளக்காது.

ஈமெயில்.பை இன்னும் மோசம். நிரலாளர் ஈமெயிலை அழைத்திருக்கவே மாட்டார். மின்னஞ்சல் அனுப்பும் நூலகக் கூறான எஸ்எம்டிபிலிப் அதைத் தேடிப் போய் இவருடைய கோப்பில் மாட்டிக்கொள்ளும். ‘ஈமெயில் ஒரு தொகுப்பு அல்ல’ என்று பிழை வரும்.

ஒரே தயக்கம்: திருடன் வழிமறிப்பதுபோல் ஒலிக்கிறதே?

*

ஒலிக்கட்டும் ஐயா. பிறர் எழுதக்கூடிய கோப்புறையில் வேறொருவர் வேண்டுமென்றே ரேண்டம்.பை வைத்தால் அது தாக்குதலேதான். பைத்தான் 3.11இல் வந்த பெரிய எழுத்து ‘பி’ கட்டளைத் தெரிவு, நிரலின் கோப்புறையைத் தேடுவழியில் சேர்க்காமல் விடுகிறது. ஆனால் உங்கள் சொந்தத் துணைக்கோப்புகளும் அப்போது அகப்படா. பயிற்சி வகுப்புக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

விளக்கப் பதிவில் இவ்வளவு போதும்: சந்தேகம் வந்தால் ரேண்டமின் ‘__ஃபைல்__’ பண்பை அச்சிட்டு, எந்தக் கோப்பு ஏறியது என்று பார்க்கவும். பிறகு கோப்பின் பெயரை மாற்றவும், பகடை_ஆட்டம்.பை என்பதுபோல. பைத்தான் 2இல், பழைய பெயரில் எஞ்சிய .பிஒய்சி என்ற தொகுத்த கோப்பையும் அழிக்க வேண்டியிருந்தது. 3இல் பைகேச் கோப்புறைக்குள் கிடப்பது தொல்லை தராது. 3.13 முதல் பிழைச்செய்தியே பெயரை மாற்றச் சொல்கிறது. பெயரிடும் முன்பே பார்க்க விரும்பினால், 3.10 முதல் செந்தர நூலகக் கூறுகளின் பெயர்களைத் தரும் ‘சிஸ்.எஸ்டிடிலிப்_மாட்யூல்_நேம்ஸ்’ பட்டியல் உண்டு.

‘வழிமறிக்கும் கோப்பு’ சரியாக இருக்கிறது. ‘வழிமறிக்கப்பட்ட நிரற்கூறு’தான் நீளம், ‘மறிபட்ட கூறு’ என்று சுருக்கலாமா?