இரண்டு பைக் ஏற்ற டிரெய்லரா, வேனா?

வணக்கம் நண்பர்களே. 110 கிலோ டர்ட் பைக் ஒன்றையும் 230 கிலோ டூரிங் பைக் ஒன்றையும் சேர்த்து ஏற்றிப் போக வழி தேடுகிறேன்.

பிக்கப் வேண்டாம். தளம் உயரம், பெரிய பைக்கைத் தனியாளாகத் தள்ளி ஏற்றுவது நடக்கிற காரியமில்லை. மூடிய வேனில் மழை, திருட்டுப் பயம் இருக்காது. ஆனால் மற்ற நாட்களில் அவ்வளவு பெரிய வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதனால் தாழ்வான திறந்த டிரெய்லர் பக்கம்தான் மனசு சாய்கிறது.

குழப்பமே எடையில்தான். பைக்குகள் 340 கிலோ, டிரெய்லர் 250 என்றால் மொத்தம் 590. அதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது சுமார் 60 முதல் 90 கிலோ, காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கியில் இறங்க வேண்டும் என்கிறார்கள்; ரொம்பக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பின்னால் ஆட ஆரம்பிக்கும். என் கார் கையேட்டிலோ கொக்கிக்கு 75 கிலோதான் வரம்பு. அப்படியானால் கனமான பைக்கை டிரெய்லரின் சக்கர அச்சுக்கு நேர் மேலே நிறுத்துவதா, கொஞ்சம் முன்னாலா?

அப்புறம், ராட்செட் பட்டையை (பைக்கை இறுக்கிக் கட்டும் பட்டை) ஹேண்டில்பாரில் மாட்டாமல் அதற்குக் கீழே, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்பில் மாட்டுவதாக இருக்கிறேன். சஸ்பென்ஷனை எவ்வளவு அமுக்கிக் கட்டுகிறீர்கள்? முன்சக்கரப் பிடி இருந்தால் பின்பக்கம் ஒரு பட்டை போதுமா? இழுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.