88 வெற்றி, ஆனால் ரன் கணக்கு வேறு சொல்கிறது: உங்கள் சிமுலேஷன் பேஸ்பால் சீசன் எப்படி முடிந்தது?

ஒரு பேஸ்பால் அணியை மேலாளராக நடத்தும் கணினி விளையாட்டான அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் ஆடுகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். சீசன் முடிந்ததும் அணியை எப்படி அலசுகிறீர்கள், அடுத்த சீசன் தொடங்குவதற்குள் யாரை வைத்துக்கொள்கிறீர்கள், யாரை விடுகிறீர்கள் என்று பேசலாமே. என் அனுபவத்தை முதலில் சொல்கிறேன்.

என் அணி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். வீரர்கள் எல்லோரும் கற்பனை. ஊரும் மைதானமும் கைக்கு அடக்கமான பட்ஜெட்டும் மட்டும் நிஜம். நிஜ பைரேட்ஸ் 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன்கள் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகவே முடித்தார்கள். கடைசியாக வேர்ல்டு சீரிஸ் ஜெயித்தது 1979இல். இந்த ஊரில் வாழ்கிறவன் நான். அந்தக் கோப்பையைக் கணினிக்குள்ளாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் இந்த அணியை எடுத்தேன்.

இந்த சீசன் 88-74. பிரிவில் முதலிடம் பெறாத அணிக்குக் கிடைக்கும் வைல்டு கார்டு பிளேஆஃப் இடம் கிடைத்து, முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். லீக்கில் எல்லோரும் வாழ்த்தினார்கள். நான் நேராக ரன் கணக்கைத் திறந்தேன். அடித்தது 701, கொடுத்தது 716. வாங்கியதைவிட 15 ரன் குறைவாக அடித்த அணி, தோல்வியைவிட 14 ஆட்டம் கூடுதலாக ஜெயித்திருக்கிறது.

பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் கொடுத்த பழைய சூத்திரம் ஒன்று உண்டு. அடித்த ரன்னின் வர்க்கத்தை, அடித்தது, கொடுத்தது இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வரும் தொகையால் வகுத்தால், அந்த அணி ஜெயித்திருக்க வேண்டிய விகிதம் கிடைக்கும். எங்களுக்கு வந்தது ஏறக்குறைய 79 வெற்றி. மீதி 9 எங்கிருந்து வந்தது? ஒரே ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 31-17. அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 57-57. சரிபாதி!

இதை அதிர்ஷ்டம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். 2016 டெக்சஸ் ரேஞ்சர்ஸைப் பாருங்கள். 95 வெற்றி, ஒரு ரன் ஆட்டங்களில் 36-11, ஆனால் மொத்த ரன் வித்தியாசம் வெறும் 8. அடுத்த ஆண்டு அதே அணி 78-84. 2016இல் கடைசி இன்னிங்ஸில் வந்து முன்னிலையைக் காக்கும் குளோசராக 38 ஆட்டங்களைக் காப்பாற்றிய (சேவ்) சாம் டைசனை 2017 ஜூனில் அணியே கைவிட்டது. நெருக்கமான ஆட்டத்தை ஜெயிப்பது நல்ல அணிக்கு அழகுதான். அதே விகிதத்தில் அடுத்த வருஷமும் ஜெயிப்போம் என்று நம்பி சம்பளப் பட்டியல் போட முடியாது.

அதனால் இந்த ஆஃப்சீசனில் என்னை நான் 79 வெற்றி அணியாகத்தான் வைத்துக்கொள்கிறேன். அங்கிருந்து மேலே போக என்ன வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதல் முடிவு குளோசர். 33 வயது, ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் பொறுப்பில் கொடுத்த ரன்) 1.98. பார்த்தவுடன் பிடித்துப்போகும் எண். அவர் பக்கத்தை நிதானமாகப் படித்தால், ஒன்பது இன்னிங்ஸுக்கு நாலரை வாக் (நான்கு தப்பான பந்தால் பேட்டருக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) கொடுக்கிறார். போன வருஷத்தைவிட ஸ்ட்ரைக்அவுட் குறைந்திருக்கிறது. மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் எதிரணி அடித்த சராசரி .228. லீக் முழுவதும் அது .300 பக்கம் நிற்கும். பந்துகள் ஃபீல்டர் கையைத் தேடிப் போயிருக்கின்றன. ஃபீல்டிங்கை ஒதுக்கி பிட்சரின் சொந்த வேலையை மட்டும் அளக்கும் எஃப்ஐபி 3.9. ஸ்கவுட் அறிக்கையில் ஸ்லைடர் (பக்கவாட்டில் வளையும் பந்து) மதிப்பெண் 60இலிருந்து 55க்கு இறங்கியிருக்கிறது. விலை உச்சத்தில் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். அணிகள் கூடிப் பேரம் பேசும் டிசம்பர் வின்டர் மீட்டிங் சமயத்தில் ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் பிட்சர்) தேடும் அணிகள் தாராளமாக இருக்கும்.

இரண்டாவது, மைதானம். பிஎன்சி பார்க்கில் வலது ஃபீல்டு கோடு 320 அடிதான். அங்கே 21 அடிச் சுவர், பைரேட்ஸின் பழைய நட்சத்திரம் ராபர்டோ கிளெமென்டே அணிந்த 21ஆம் எண்ணின் நினைவாக. இடது பக்கம் உள்வாங்கிய மூலை 410 அடி வரை போகிறது. வலக்கை பேட்டர் இழுத்து அடிக்கும் பந்து அங்கே போய்ச் செத்துவிடும். என் முதல் பேஸ்மேன் வலக்கை. 27 ஹோம் ரன்னில் 9தான் சொந்த மைதானத்தில். வேறு ஊரில் இருந்தால் அவர் 35 அடிப்பார் என்பது எனக்கும் தெரியும், கேட்கிற அணிக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் லாபமான பேரம் இது. அந்த இடத்துக்கு இடக்கை பேட்டர் ஒருவர் வந்தால் போதும், பெயர் பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, 40 பேர் பட்டியல். ரூல் 5 டிராஃப்டுக்கு முன் இளைஞர்களைப் பட்டியலில் சேர்த்துக் காப்பாற்றாவிட்டால் வேறு அணி 1,00,000 டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டு போய்விடும். சீசன் முழுவதும் முதன்மை அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது எடுத்தவருக்கான நிபந்தனை. கிளெமென்டேயே 1954இல் இந்த வழியில்தான் புரூக்ளின் டாட்ஜர்ஸிடமிருந்து பிட்ஸ்பர்க்குக்கு வந்தார். டாட்ஜர்ஸ் செய்ததை நான் செய்ய மாட்டேன். பேட்டிங் இன்னும் பழுக்காத என் 20 வயது ஷார்ட்ஸ்டாப்புக்கு ஓர் இடம் ஒதுக்கியாயிற்று.

நடுவர் முன் சம்பளம் முடிவாகும் சம்பளத் தீர்ப்புக்குப் போகும் வீரர்களில் ஒருவரை மட்டும் விடுகிறேன். ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடிய பெரிய ஃப்ரீ ஏஜென்ட் பக்கம் போகப் போவதில்லை, பட்ஜெட் இடம் கொடுக்காது.

குளோசரை விற்பதில் யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

*

தம்பி, விற்பதில் தப்பில்லை. ஆனால் 79 என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் கலைத்துவிடாதீர்கள். 2021 சியாட்டில் மரைனர்ஸ் உங்களைவிட மோசம். மைனஸ் 51 ரன்னோடு 90 ஆட்டம் ஜெயித்தார்கள். எல்லோரும் அடுத்த வருஷம் சரிவார்கள் என்றார்கள். அவர்கள் குளிர்காலத்தில் ராபி ரேயை எடுத்தார்கள், யூஹெனியோ சுவாரெஸை வாங்கினார்கள், கோடையில் லூயிஸ் காஸ்டியோவையும் கொண்டுவந்தார்கள். இளைஞர்களை வளர்க்கும் சொந்தப் பண்ணை அணிகளிலிருந்து ஹூலியோ ரோட்ரிகஸ் வந்தார். 2022இலும் அதே 90 வெற்றி, ஆனால் இந்த முறை ரன் வித்தியாசம் பிளஸ். 2001க்குப் பிறகு முதல் தடவையாக பிளேஆஃப் போனார்கள்.

என் லீக்கில் நான் மில்வாக்கி. இதே மாதிரி ஒரு சீசனுக்குப் பிறகு புல்பென்னை (ரிலீவர் கூட்டத்தை) அப்படியே வைத்துக்கொண்டு, ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டிங் பிட்சர் ஒருவரைச் சேர்த்தேன். ஒரு ரன் ஆட்டங்களில் பாதிக்குப் பாதி தோற்றோம், ஆனால் நெருக்கமான ஆட்டமே குறைந்துபோனது. ஐந்து ரன்னில் முன்னால் இருந்தால் குளோசர் யாராக இருந்தால் என்ன?

*

நான் கணினி பக்கம் போகாதவன். ஹால் ரிச்மன் 1961இல் விற்க ஆரம்பித்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்தான் இன்றும் ஆடுகிறேன், அட்டையும் பகடையுமாக, நியூ ஜெர்சியில் சில நண்பர்களோடு. ஒரு பகடை 1, 2, 3 காட்டினால் பேட்டரின் அட்டை, 4, 5, 6 என்றால் பிட்சரின் அட்டை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை அந்த அட்டையில் எந்த வரி என்று சொல்லும்.

எங்கள் சீசன் அலசல் ஸ்கோர் புத்தகத்தைக் கையால் புரட்டிச் செய்வது. அதில் நான் தேடுவது ஃபீல்டிங். பிட்சர் அட்டையில் பந்து ஃபீல்டரிடம் போகிற வரிகள் ஷார்ட்ஸ்டாப்புக்கும் செகண்ட் பேஸுக்கும்தான் அதிகம். அங்கே 1 என்று மதிப்பிட்ட ஆளும் 4 என்று மதிப்பிட்ட ஆளும் நின்றால் சீசன் முழுக்க வரும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பிட்ஸ்பர்க்காரரே, .228 அதிர்ஷ்டம் என்கிறீர்கள். அந்தக் குளோசருக்குப் பின்னால் நின்ற இன்ஃபீல்டு எப்படி? அதைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

*

நல்ல கேள்வி சார், போய்ப் பார்த்தேன். ஷார்ட்ஸ்டாப் லீக்கிலேயே முதல் மூன்றுக்குள். ஆனால் அதே இன்ஃபீல்டு பின்னால் நின்ற மற்ற ரிலீவர்களுக்கு .291தான் வந்திருக்கிறது. கொஞ்சம் ஃபீல்டிங், மிச்சமெல்லாம் அதிர்ஷ்டக் காற்று. குளோசர் போகிறார்.

மில்வாக்கி அண்ணா சொன்னதையும் எடுத்துக்கொள்கிறேன். குளோசருக்குப் பதிலாக இளம் வீரர்களைக் கேட்க நினைத்திருந்தேன். இப்போது ஆண்டுக்கு 170 இன்னிங்ஸ் போடும், சம்பளத் தீர்ப்புக்கு இன்னும் இரண்டு வருஷம் மிச்சமிருக்கும் ஸ்டார்ட்டரைக் கேட்டு சான் டியேகோவுக்கு ஆஃபர் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் கூடவே என் 20 வயது ஷார்ட்ஸ்டாப்பையும் கேட்கிறார்கள். அது நடக்காது. வேறு யாரைச் சேர்த்தால் மசிவார்கள் என்று இன்றிரவு பட்டியலை மறுபடி புரட்ட வேண்டும்.