டங்கன் முழுநேரமா, பகுதிநேரமா?

கழுகுமலை:
"1847 ஜனவரி முதல் இங்கிலாந்தின் லிவர்பூலில் முழுநேரச் சுகாதார அதிகாரியாக டாக்டர் டங்கன் உழைத்தார்" என்று தேனீ நேற்று எழுதியிருக்கிறார். முழுநேரமாம்! ஆண்டுக்கு 300 பவுண்டு, கூடவே சொந்த பிராக்டிஸும் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அவரை எடுத்தார்கள். 750 பவுண்டு கொடுத்து முழுநேரமாக்கியது 1848-ல்.

தேனீ:
ஒரு வருஷம் முன்னே பின்னே, அதற்கா இவ்வளவு? அந்த 1847-ல்தான் பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்துக்காரர்கள் லட்சக்கணக்கில் வந்து இறங்கினார்கள், நிலவறை நிலவறையாக டைபஸ் காய்ச்சல். டங்கன் அப்போது கிளினிக்கில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாரா?

கழுகுமலை:
எண்ணினார் என்று நான் சொல்லவே இல்லை. எண்ணலாம் என்று அனுமதி இருந்தது. அதற்குப் பெயர் பகுதிநேரம்.

நெல்லைக்காரி:
டாக்டர் என்றால்தான் கும்பிடுவீர்களா? லிவர்பூலுக்கான 1846 சுகாதாரச் சட்டத்தின் கீழ் சாக்கடை போட்ட எஞ்சினியர் நியூலண்ட்ஸ். வீதி வீதியாக அசுத்தம் பார்த்த இன்ஸ்பெக்டர் தாமஸ் ஃபிரெஷ், அவர் பெயரில் ஃபிரெஷ்ஃபீல்ட் என்று ஓர் ஊரே இருக்கிறது. இவர்களைப் பற்றி ஒரு வரி உண்டா?

தேனீ:
டங்கன் பெயரில் லிவர்பூலில் பப்பே இருக்கிறது, அக்கா.

கழுகுமலை:
பப் ஓர் ஆதாரமா? போன மாதம், காலரா தண்ணீரில் பரவுகிறது என்று சொன்ன டாக்டர் ஜான் ஸ்னோ பற்றிய விவாதத்திலும் இதே கதைதான் விட்டீர்கள். ஸ்னோ மதுவிலக்குப் பேசியவர், அவர் பெயரிலும் லண்டன் சோஹோவில் ஒரு பப் இருக்கிறது. அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, மறக்கவில்லை. சரி, 300 பவுண்டு பகுதிநேரமா இல்லையா?

நெல்லைக்காரி:
1849 காலராவில் அந்த ஊரில் 5,000 பேருக்கு மேல் செத்தார்கள். அப்போது ஐயா முழுநேரம்தானே?

தேனீ:
ரிவிங்டன் ஏரியின் சுத்தமான தண்ணீர் ஊருக்கு வந்ததே 1857-ல். காலரா கெட்ட காற்றில் பரவுகிறது என்று ஊரே நம்பிய காலம் அது, அவரும் அப்படித்தான் நம்பினார். தனி ஆளாக என்ன செய்வார்?

நெல்லைக்காரி:
அதைத்தானே நானும் சொல்கிறேன், தனி ஆள் இல்லை என்று. நியூலண்ட்ஸ்!

கழுகுமலை:
நியூலண்ட்ஸுக்குத் தனி இழை தொடங்குங்கள், அக்கா, இது டங்கன் இழை. தேனீ, பதிவில் இன்னும் "முழுநேர" என்றே நிற்கிறது, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். 300 பவுண்டு. பகுதிநேரம்.

தேனீ:
நிற்கட்டும்.

கழுகுமலை:
300.