குடும்பக் குழு: இளங்கோ எம்.பி. எலெக்‌ஷன்ல நிக்கிறானாம்

இளங்கோ: எல்லாருக்கும் வணக்கம். அடுத்த எம்.பி. தேர்தல்ல சுயேச்சையா நிக்கலாம்னு இருக்கேன். டெபாசிட் 25,000 தனியா எடுத்து வச்சாச்சு. வேற என்னென்ன தயார் பண்ணணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. "ஏன் நிக்கிறே"ன்னு மட்டும் கேக்காதீங்க, அதை அம்மா கேட்டு முடிச்சாச்சு.

கமலா அத்தை: ஏன்டா நிக்கிறே?

தாசில்தார் பெரியப்பா: டெபாசிட்தான் இருக்கறதுலயே சின்னச் செலவு. முதல்ல முன்மொழியப் பத்துப் பேரைப் பிடி. அங்கீகாரம் உள்ள கட்சிக்காரருக்கு ஒருத்தர் போதும், சுயேச்சைக்குப் பத்து வேணும். பத்துப் பேருமே அந்த எம்.பி. தொகுதி வாக்காளரா இருக்கணும். நீ இந்தியாவுல எந்தத் தொகுதி வாக்காளராவும் இருக்கலாம், அவங்க அப்படி இருக்க முடியாது.

இளங்கோ: பத்துப் பேர் நம்ம தெருவிலேயே கிடைப்பாங்க பெரியப்பா.

தாசில்தார் பெரியப்பா: ஆள் கிடைக்கும். வாக்காளர் பட்டியல்ல அவங்க பாகம் எண், வரிசை எண் கிடைக்கணுமே. வேட்புமனுப் படிவம் 2ஏ-வில ஒவ்வொருத்தர் பேருக்கும் நேரா அதை எழுதணும். பழைய பட்டியலைப் பாத்து எழுதினா எண் மாறியிருக்கும். துணைப் பட்டியல் வந்ததுக்கு அப்புறம் பாத்து எழுது. கைநாட்டு வைக்கறவரா இருந்தா ஆர்.ஓ. (தேர்தல் நடத்தும் அலுவலர்) முன்னாடியோ அதுக்கு அதிகாரம் உள்ள அலுவலர் முன்னாடியோதான் வைக்கணும். வீட்ல உருட்டி எடுத்துட்டு வந்தா செல்லாது.

வக்கீல் சித்தப்பா: கையெழுத்துப் போடறவங்க கடைசிவரைக்கும் நிப்பாங்களான்னும் பாத்துக்கோ. 2024-ல சூரத்துல காங்கிரஸ் வேட்பாளர் நிலேஷ் கும்பானிக்கு முன்மொழிஞ்சவங்களே "இது எங்க கையெழுத்து இல்லை"ன்னு எழுதிக் கொடுத்தாங்க. மனு தள்ளுபடி. மீதிப் பேர் வாபஸ் வாங்க, பா.ஜ.க.வோட முகேஷ் தலால் ஒரு ஓட்டுகூடப் பதிவாகாம எம்.பி. ஆயிட்டார். பெரிய கட்சிக்கே அந்த கதி.

வக்கீல் சித்தப்பா: ஒரு தொகுதிக்கு நாலு செட் மனு வரைக்கும் போடலாம், டெபாசிட் ஒண்ணு கட்டினா போதும். நீ ரெண்டு செட்டாவது போடு. ரெண்டாவது செட்டுக்கு வேற பத்துப் பேர். அதே ஆளுங்களை வச்சு நாலு செட் போட்டா, ஓட்டை இருந்தா நாலுலயும் அதே ஓட்டை.

இளங்கோ: சரி சித்தப்பா. அஃபிடவிட்?

வக்கீல் சித்தப்பா: படிவம் 26. முத்திரைத்தாள்ல, நோட்டரி முன்னாடி. ஒவ்வொரு பக்கத்துலயும் உன் கையெழுத்தும் நோட்டரி சீலும் வேணும். பான் எண், கடைசி அஞ்சு வருஷ வருமான வரிக் கணக்கு, வழக்கு, கடன், சொத்து, சமூக ஊடகக் கணக்கு வரைக்கும் கேக்கும். உனக்கு மட்டும் இல்ல, உன் மனைவிக்கும் உன்னைச் சார்ந்து இருக்கறவங்களுக்கும் சேத்து.

வக்கீல் சித்தப்பா: முக்கியமானது: எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடாதே. கோடு போடாதே. "இல்லை" அல்லது "பொருந்தாது"ன்னு எழுது. காலியா விட்டா ஆர்.ஓ. நோட்டீஸ் கொடுப்பார். பரிசீலனைக்குள்ள புது அஃபிடவிட் கொடுக்கலேன்னா மனு போச்சு. 2013-ல உச்ச நீதிமன்றமே சொல்லிட்டது.

கமலா அத்தை: சொத்துன்னா நகையுமா?

வக்கீல் சித்தப்பா: எடையும் மதிப்பும் போட்டு. அஃபிடவிட்டை இணையத்துல ஏத்திடுவாங்க, யார் வேணா டவுன்லோட் பண்ணிப் பாக்கலாம்.

கமலா அத்தை: அவன் பொண்டாட்டிகிட்ட கேட்டானா முதல்ல?

இளங்கோ: கேக்கறேன் அத்தை 😅

தாசில்தார் பெரியப்பா: புதுசா நிக்கறவங்க கோட்டை விடற இன்னொண்ணு உறுதிமொழி. மனு கொடுத்த பிறகு, பரிசீலனைக்கு முந்தின நாளுக்குள்ள ஆர்.ஓ. முன்னாடி வாசிச்சுக் கையெழுத்துப் போடணும். பரிசீலனை அன்னிக்குக் காலையில வந்து "இப்ப எடுத்துக்கறேன்"னா நேரம் கடந்தாச்சு. மனு கொடுத்த கையோட அங்கேயே எடுத்துடு, அதுக்கான சான்றையும் வாங்கிக்கோ. 2024-ல வாரணாசியில காமெடியன் ஷியாம் ரங்கீலா மனுவைத் தள்ளினப்ப, உறுதிமொழி எடுக்கல, அஃபிடவிட் முழுமையா இல்லைன்னுதான் காரணம் சொன்னாங்க.

இளங்கோ: மனு கொடுக்க எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போகலாம்?

தாசில்தார் பெரியப்பா: உன்னோட நாலு பேர். மொத்தம் அஞ்சு. 100 மீட்டருக்குள்ள மூணு வண்டி. நேரம் காலை 11-லேர்ந்து 3 மணி. கொடுக்கும்போது எந்தக் காகிதம் குறையுதுன்னு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தருவாங்க, அதைப் படிக்காமப் பையில போட்டுடாதே. அதுக்காகவே கடைசி நாளுக்கு வச்சுக்காம முன்கூட்டியே கொடு.

முரளி பிரஸ்: டெபாசிட்டைச் சில்லறையா மூட்டை கட்டிட்டுப் போ இளங்கோ, டிவியில வருவே.

தாசில்தார் பெரியப்பா: படம் நல்லா வரும். எண்ணி முடிக்கறதுக்குள்ள அரை நாள் போயிடும். ரொக்கமாவோ கருவூலச் சலானாவோ கட்டு. செக் வாங்க மாட்டாங்க. பட்டியல் சாதியா இருந்தா பாதி, 12,500, பொதுத் தொகுதியில நின்னாலும் அதேதான். சாதிச் சான்றிதழ் மட்டும் வேணும்.

ஆடிட்டர் மாமா: நான் ஒரு விஷயத்தை நடுவுல சொல்லிடறேன், இல்லேன்னா மறந்துடுவான். மனு போடறதுக்குக் குறைஞ்சது ஒரு நாள் முன்னாடி, தேர்தல் செலவுக்குன்னு தனி வங்கிக் கணக்கு தொடங்கணும். உன் பேர்ல, இல்லேன்னா உன் தேர்தல் ஏஜென்ட்டோட சேத்து. மனைவியோட ஜாயின்ட் கணக்கு ஆகாது, அவங்களே ஏஜென்ட்டா இருந்தா ஒழிய. பழைய சேமிப்புக் கணக்கும் வேண்டாம்.

இளங்கோ: ஏற்கெனவே இருக்கற கணக்கு ஏன் கூடாது மாமா?

ஆடிட்டர் மாமா: உன் வீட்டு மளிகையும் பிரசார மைக்கும் ஒரே பாஸ்புக்ல வந்தா யார் பிரிக்கறது? நன்கொடை, சொந்தப் பணம் எல்லாம் அந்தப் புதுக் கணக்குக்குள்ள போய் அங்கேர்ந்துதான் வெளிய வரணும். தேர்தல் முடியற வரைக்கும் ஒரே ஆளுக்கு ரொக்கமா 10,000-க்கு மேல தரக் கூடாது. தினம் தினம் 3,000-ன்னு டிரைவருக்குக் கொடுத்தா நாலாவது நாள் மீறிட்டே.

ஆடிட்டர் மாமா: கணக்குப் புத்தகம் மூணு நிறம். வெள்ளைத் தாள் தினசரிச் செலவு, ரோஸ் ரொக்கம், மஞ்சள் வங்கி. பிரசார நாள்ல மூணு தடவையாவது செலவினப் பார்வையாளர்கிட்ட காட்டணும். அவங்க பக்கத்துல உன் செலவை அவங்களே எழுதற நிழல் பதிவேடுன்னு ஒண்ணு ஓடும். நாற்காலி, பந்தல், டீ எல்லாத்துக்கும் மாவட்டத்துல விலைப் பட்டியல் போட்டிருப்பாங்க. நீ அதைவிடக் குறைச்சு எழுதினா அவங்க விலையைத்தான் ஏத்துவாங்க. நண்பன் ஓசியில கொடுத்த காருக்கும் மதிப்புப் போட்டே ஆகணும்.

இளங்கோ: உச்சவரம்பு 95 லட்சம்தானே? அதுக்குப் பக்கத்துலகூட நான் போக மாட்டேன்.

ஆடிட்டர் மாமா: செலவு குறைவுன்னு கணக்குக் கொடுக்காம விடறவங்கதான் மாட்டறாங்க. முடிவு அறிவிச்ச 30 நாளுக்குள்ள மாவட்டத் தேர்தல் அலுவலர்கிட்ட ரசீதோட கொடுக்கணும். கொடுக்காட்டி மூணு வருஷம் எந்தத் தேர்தல்லயும் நிக்க முடியாம ஆயிடும். தோத்த சோகத்துல தாடி வளத்துட்டு உக்காந்துடாதே.

மலர் அக்கா: சின்னம் என்ன தம்பி கேக்கப் போறே?

இளங்கோ: பலாப்பழம் கிடைக்குமான்னு பாக்கறேன் அக்கா, எல்லாருக்கும் தெரியும்.

வக்கீல் சித்தப்பா: பட்டியல்ல இருக்கற பொதுச் சின்னத்துல மூணை விருப்ப வரிசையில படிவத்துல எழுதணும். ரெண்டு பேர் ஒண்ணையே கேட்டா குலுக்கல். வாபஸ் முடிஞ்ச பிறகுதான் கையில கிடைக்கும். 2024-ல தமிழ்நாட்டுல வாபஸ் கடைசி நாள் மார்ச் 30, ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. கடைசி 48 மணி நேரம் பிரசாரம் கிடையாது. ஆக, சின்னத்தைச் சொல்லி ஓட்டுக் கேக்க உனக்கு மூணு வாரம்கூட இல்ல. கட்சிக்காரன் அம்பது வருஷமா அதைச் சுவத்துல எழுதிட்டு இருக்கான்.

மலர் அக்கா: பேர் குழப்பமும் வரும். ராமநாதபுரத்துல ஓ.பி.எஸ். பலாப்பழத்துல நின்னப்ப அதே பேர்ல இன்னும் அஞ்சு பன்னீர்செல்வம். முன்னாள் முதல்வர், மூணு லட்சத்துக்கு மேல வாங்கினார், அப்படியும் ரெண்டாவது இடம்தான்.

முரளி பிரஸ்: ஓட்டு மெஷின்ல இடமும் முக்கியம். முதல்ல அங்கீகாரம் உள்ள கட்சிகள், அடுத்து பதிவு மட்டும் செஞ்ச கட்சிகள், அப்புறம்தான் சுயேச்சைங்க. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளயும் அகர வரிசை, இனிஷியலைப் பாக்க மாட்டாங்க. உன் பேர் "இ", சுயேச்சைங்கள்ல மேலதான் வருவே. ஆனா ஒரு யூனிட்ல 16 பட்டன்தான். 2024-ல கரூர்ல 54 பேர், நோட்டாவோட சேத்து 55. நாலு யூனிட் வச்சாங்க.

முரளி பிரஸ்: அதனால நோட்டீஸ்ல சின்னம் மட்டும் போடாம "இரண்டாவது இயந்திரம், வரிசை எண் இன்னது"ன்னு போடணும். அந்த எண் இறுதிப் பட்டியல் வந்தாத்தான் தெரியும். அவசரப்பட்டு முன்னாடியே அடிச்சுட்டா குப்பை. வாபஸ் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் டிசைன் ரெடியா இருக்கணும், எண்ணும் சின்னமும் மட்டும் சேத்து ராத்திரியே ஓட்டிடலாம்.

வக்கீல் சித்தப்பா: நோட்டீஸ் அச்சடிக்கறதுக்கான சட்டப் பிரிவு 127ஏ-வையும் சொல்லு முரளி.

முரளி பிரஸ்: ஆமா. கீழே அச்சடிச்சவர், வெளியிடறவர் பேர், முகவரி, எத்தனை பிரதி. வெளியிடறவர் டிக்ளரேஷன்ல கையெழுத்துப் போடணும், அவரைத் தெரிஞ்ச ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து. அச்சடிச்ச மூணு நாளுக்குள்ள பிரதியோட நாங்க கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பணும். விட்டா ஆறு மாசம் ஜெயில், இல்ல 2,000 அபராதம், இல்ல ரெண்டும். எனக்கும் சேத்துத்தான், அதனால விட மாட்டேன்.

தாசில்தார் பெரியப்பா: மனுவுக்குப் போட்டோ எடுத்தியா? 2 சென்டிமீட்டர் அகலம், 2.5 உயரம், வெள்ளைப் பின்னணி, கடைசி மூணு மாசத்துக்குள்ள எடுத்தது. கூலிங் கிளாஸ், தொப்பி வேண்டாம். மெஷின்ல அந்தப் படம்தான் வரும். அதே முகத்தை நோட்டீஸ்லயும் போடு.

இளங்கோ: கல்யாண ஆல்பத்துல இருந்து ஒண்ணு வச்சிருந்தேன். மாத்திடறேன்.

மலர் அக்கா: பூத் ஏஜென்ட் பத்தி யாரும் பேசவே இல்லையே. நம்ம மாநிலத்துல ஒரு எம்.பி. தொகுதின்னா ஆறு சட்டமன்றத் தொகுதி, 2024 கணக்குப்படி சராசரியா 16 லட்சம் வாக்காளர், 1,700-க்கு மேல பூத். ஒரு பூத்துக்கு ஒரு ஆள், சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் 500 வச்சாக்கூட எட்டரை லட்சம். இளங்கோவால முடியாது. முடிஞ்ச இடத்துக்கு மட்டும் போடு.

இளங்கோ: எப்படித் தேர்ந்தெடுக்கறது அக்கா?

மலர் அக்கா: உன்னைத் தெரிஞ்ச ஒரு சட்டமன்றத் தொகுதியை எடு. அதுலயும் நடந்தே போய்ச் சுத்தக்கூடிய நூறு பூத். ஏஜென்ட் நியமனம் படிவம் 10-ல. ஓட்டுப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி மாதிரி வாக்குப்பதிவு, குறைஞ்சது 50 ஓட்டுப் போட்டுக் காட்டுவாங்க. அதுக்கு வராத ஏஜென்ட் பாதி ஏஜென்ட்தான். சாயங்காலம் படிவம் 17சி நகல் வாங்காமக் கிளம்பக் கூடாதுன்னு சொல்லி வை. அதுலதான் பதிவான மொத்த ஓட்டும் மெஷின் எண்ணும் இருக்கும், எண்ணிக்கை அன்னிக்கு ஒப்பிட அதுதான் ஆதாரம்.

தாசில்தார் பெரியப்பா: வாக்காளர் பட்டியலுக்கும் காசு ஒதுக்கு. அங்கீகாரம் உள்ள கட்சி வேட்பாளருக்கு இலவசம், சுயேச்சை விலைக்கு வாங்கணும். அந்த நூறு பூத்துக்கு மட்டும் வாங்கு.

மலர் அக்கா: எண்ணிக்கைக்கு ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 14 மேசை, ஆறுக்கு 84. எல்லாத்துக்கும் ஆள் கிடைக்காது. உன் தொகுதி மேசைகளுக்கும் ஆர்.ஓ. மேசைக்கும் போடு. படிவம் 18, போட்டோவோட, எண்ணிக்கைக்கு மூணு நாள் முன்னாடி சாயங்காலம் 5 மணிக்குள்ள.

கமலா அத்தை: இவ்ளோ பண்ணினா ஜெயிப்பானா?

வக்கீல் சித்தப்பா: 2024-ல நாடு முழுக்க 3,921 சுயேச்சைங்க. ஜெயிச்சவங்க 7 பேர். 3,905 பேருக்கு டெபாசிட் போச்சு. அந்த ஏழுலயும் பூர்ணியாவுல பப்பு யாதவ், பாரமுல்லாவுல இன்ஜினியர் ரஷீத், சாங்லியில விஷால் பாட்டீல்னு ஏற்கெனவே ஊருக்கே தெரிஞ்ச ஆளுங்கதான் அதிகம். மேட்டூர் பத்மராஜன் 200-க்கு மேல தேர்தல்ல நின்னுட்டார், ஒண்ணுல கூட ஜெயிக்கல.

இளங்கோ: ஜெயிக்கறது இருக்கட்டும். டெபாசிட் திரும்ப வாங்க எவ்ளோ ஓட்டு வேணும்?

ஆடிட்டர் மாமா: செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல. நோட்டாவைக் கழிச்சுடுவாங்க. 16 லட்சத்துல 70 சதவீதம் பதிவாச்சுன்னு வை, செல்லுபடி 11 லட்சம்னா 1,83,334 ஓட்டு. உன் நூறு பூத்துல இருக்கற மொத்த வாக்காளரும் சுமாரா 90,000 பேர்தான்டா.

இளங்கோ: புரிஞ்சுது மாமா. அப்ப 25,000-ஐச் செலவுன்னே எழுதிடறேன். நூறு பூத்துல ஐயாயிரம் ஓட்டு, அதான் இலக்கு.

மலர் அக்கா: பூத்துக்கு அம்பது. இது கணக்கா இருக்கு.

தாசில்தார் பெரியப்பா: சரி, முன்மொழியற இருபது பேர் அடையாள அட்டை எண்ணை அனுப்பு. பாகம், வரிசை எண் பாத்துத் தரேன். ரெண்டு மூணு பேர் கூடுதலாவே அனுப்பு, பேர் நீக்கம் ஆனவங்க யாராவது இருப்பாங்க.

கமலா அத்தை: என் பேரையும் போட்டுக்கோ. நகையை மட்டும் எழுதக் கூடாது.

வக்கீல் சித்தப்பா: முன்மொழியறவங்க நகையை யாரும் கேக்க மாட்டாங்க அக்கா.