பாட்டி பெயரிலேயே நிற்கும் மாவோரி நிலப் பங்கு: குடும்பங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி:
வணக்கம். நியூசிலாந்தில் ஒரு சமூகச் சட்ட மையத்தின் சார்பில் அடுத்த மாதம் மராயில், அதாவது மாவோரிகளின் சமூகக் கூடத்தில், இரண்டு மணி நேர இலவச வகுப்பு நடக்கிறது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் பலர் சேர்ந்து வைத்திருக்கும் நிலத்தில், இறந்துபோன பெரியவர்கள் பெயரில் கிடக்கும் பங்குகளை வாரிசுகள் பெயருக்கு மாற்றுவதுதான் தலைப்பு. குடும்பங்களை என்னென்ன எடுத்துவரச் சொல்லலாம்? பெரும்பாலும் எங்கே சிக்கிக்கொள்கிறார்கள்?

பதில் 1:
எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். ஆள் இறந்தால் பங்கு தானாகப் பிள்ளைக்குப் போகாது. உயில் எழுதி, அதற்குப் புரொபேட் (உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று) வாங்கியிருந்தாலும், மாவோரி நில நீதிமன்றம் உத்தரவு போட்டால்தான் உரிமையாளர் பட்டியலில் பெயர் மாறும்.

எடுத்துவர வேண்டியவை: இறப்புச் சான்றிதழ், உயிலும் புரொபேட்டும் இருந்தால் நகல், பிள்ளைகள் அத்தனை பேரின் முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி. ஒரு பிள்ளை இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகள் விவரமும் வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பேச்சுவார்த்தையே விட்டுப்போன தம்பி பெயரையும் விடக்கூடாது. விட்டால் பிறகு ஆட்சேபம் வரும், போட்ட உத்தரவைத் திருத்த மறுபடி அலைய வேண்டும்.

அதிகம் சிக்குவது பெயரில்தான். பட்டியலில் மாவோரிப் பெயர், இறப்புச் சான்றிதழில் ஞானஸ்நானப் பெயர், திருமணப் பதிவில் கணவரின் குடும்பப்பெயர் என்று ஒரே பாட்டிக்கு மூன்று பெயர் இருக்கும். மூன்றும் ஒருவர்தான் என்று, குடும்பத்தை நன்றாக அறிந்தவர் உறுதிமொழி எழுதித் தரவேண்டிவரும். நீதிமன்றத்தின் பாட்டாக்கா ஃபெனுவா இணையதளத்தில் எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பாருங்கள். ஒருவருக்கே பல இடங்களில் பங்கு இருக்கும்; தேடாமல் விட்ட துண்டு அப்படியே இறந்தவர் பெயரில் தங்கிவிடும்.

பதில் 2:
கணவன் மனைவி விஷயத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். 1993ஆம் ஆண்டு மாவோரி நிலச் சட்டம் திருத்தப்பட்டு, 2021 பிப்ரவரி 6 முதல் விதி மாறியிருக்கிறது. உயில் இல்லாமல் இறந்தால் பங்கு நேரே பிள்ளைகளுக்கு. துணைக்கு அந்தப் பங்கின் வருமானமும், குடும்ப வீட்டில் குடியிருக்கும் உரிமையும் உண்டு; இறக்கும் வரையோ புதிய துணை சேரும் வரையோதான். "எல்லாம் என் மனைவிக்கு" என்று பொதுவாக எழுதிய உயிலை நம்பி வருபவர்களுக்கு அடுத்த விஷயம் அதிர்ச்சியாக இருக்கும். இந்த நிலத்தை யாருக்கு எழுதலாம் என்பதிலேயே வரம்பு உண்டு, ரத்த உறவு முக்கியம். பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஃபாங்காய், அதாவது உறவுக்குள் எடுத்து வளர்த்த பிள்ளைக்குப் பங்கு உண்டா என்பதை அந்தந்த ஹப்பூ (குலம்) அல்லது இவியின் (இனக்குழு) டிகங்கா, அவர்கள் வழிவழியான முறை, தீர்மானிக்கும். மேடையில் நின்று நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

எதிர்ப்பே இல்லாத எளிய விண்ணப்பத்தை இப்போது விசாரணை இல்லாமல் பதிவாளரே முடிக்கலாம். இது தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

பதில் 3:
ஃபானாவ் டிரஸ்ட், அதாவது குடும்பத்தின் பங்குகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் அறக்கட்டளை பற்றியும் பேசுங்கள். கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள்: தாத்தாவுக்கு 12 பங்கு, 6 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 2. ஒவ்வொருவருக்கும் 5 பிள்ளைகள் என்றால் 0.4. அவர்களுக்கு நாலு நாலு பேர் என்றால் 0.1, மொத்தம் 120 பேர். டிரஸ்டில் சேர்த்தால் பிரிவது நின்று, ஒரு மூதாதையின் சந்ததி முழுவதும் பயனடையும்.

ஆனால் சேர்த்த பிறகு "என் பங்கு" என்று தனியாக இருக்காது, வெளியே எடுப்பதும் லேசில்லை. குடும்பக் கூட்டம் போட்டு, பேசியதைக் குறிப்பெடுத்து, அறங்காவலர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வகுப்பன்றே கையெழுத்து வாங்குவது தவறு.

கேட்டவர்:
மிக்க நன்றி. படிவத்தை நீதிமன்ற அலுவலகத்திலேயே நிரப்பித் தருவார்களா?

பதில் 1:
தேடவும் படிவத்துக்கும் உதவுவார்கள், சட்ட ஆலோசனை தரமாட்டார்கள். அதற்குத்தான் உங்கள் மையம். குடும்பத்துக்குள் தகராறு என்றால் நீதிமன்றத்தின் சமரச வழியைக் காட்டுங்கள். வழக்காகவே போனால் சட்ட உதவி நிதிக்கு விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று. ஃபகபாபா, அவர்களின் வம்சாவளி, அவர்களுக்குப் புனிதமானது. தாத்தா கணக்குக்குக் கற்பனைக் குடும்பமே போதும். உண்மையான வம்சத்தைப் பலகையில் எழுதவோ படம் எடுக்கவோ வேண்டாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மேசை, வெற்றுத்தாள் கொடுத்து அவர்களையே எழுதவிடுங்கள், தாளை அவர்களே எடுத்துப்போகட்டும்.